மின்தூக்கி அருகே 200 ஜூல்

பல வீவக புளோக்குகளின் கீழ்த்தளத்தில், மின்தூக்கி அருகே ஏஇடி பெட்டி இருக்கும். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மின்னதிர்ச்சியால் சீராக்கும் கருவி அது. அதன் சிறிய பேட்டரியால் அவ்வளவு ஆற்றலை நொடிப்பொழுதில் தர முடியாது. சிறுகச் சேர்த்து, சட்டென்று கொட்டுவது உள்ளே இருக்கும் மின்தேக்கி.

எதிரெதிரே இரு தகடுகள், நடுவே மின்கடத்தாப் பொருள், அடிப்படை அவ்வளவுதான். கணக்கும் எளிது: தேக்குதிறனை மின்னழுத்தத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்குங்கள். ஏன் பாதி? முதலில் ஏறும் மின்னூட்டத்துக்கு எதிர்ப்பில்லை. கடைசியில் ஏறுவதுதான் முழு அழுத்தத்தை எதிர்க்கிறது. சராசரி பாதி.

100 மைக்ரோஃபாரட், 2,000 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் 200 ஜூல். ஐந்து கிலோ அரிசிப் பையை நான்கு மீட்டர் உயரம் தூக்கும் ஆற்றல்! அழுத்தம் பாதியானால் கிடைப்பது 50 ஜூல்தான். வர்க்கத்தின் வேலை அது.

இதயம் நின்றவருக்கு உதவியின்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு குறைக்கிறது. 995ஐ அழையுங்கள், நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள், இன்னொருவர் பெட்டியை எடுத்து வரட்டும். கணக்கைக் கருவியே பார்த்துக்கொள்ளும். உங்கள் புளோக்கிற்கு அருகில் பெட்டி எங்கே என்று பிள்ளைகளோடு இன்றே பார்த்து வையுங்கள்.