சென்னைக்குப் பறந்துதான் போகவேண்டுமா?

புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து சென்னை மீனம்பாக்கத்துக்கு விமானம் விடவேண்டும் என்று சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பெருமைக்குச் சரி. பிரயோசனம்?

கணக்குப் பாருங்கள். இரண்டு நிலையங்களுக்கும் ஆகாயத்தில் சுமார் 120 கிலோமீட்டர், சாலையில் ஏறக்குறைய 150. பறப்பது அரைமணி. ஆனால் ஒன்றரை மணி முன்பே போய் நிற்கவேண்டும். சோதனை, காத்திருப்பு, இறங்கிப் பெட்டி எடுப்பது எல்லாம் சேர்ந்தால் மூன்று மணி. திண்டிவனம் வழியாகக் காரில் போனாலும் அதே மூன்று மணிதான்!

மீட்டரை உலகுக்குத் தந்த பிரெஞ்சுக்காரர் மொழியில் படித்தவன் நான். இருந்தாலும் சொல்கிறேன்: பயணத்தைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள், கடிகாரத்தில் அளங்கள்.

பாரிசுக்கும் வளைகுடாவுக்கும் போகும் நம் பிள்ளைகளின் விமானங்கள் பல நள்ளிரவிலும் விடியற்காலையிலும் கிளம்புகின்றன. பகலில் ஒருமுறை பறக்கும் சின்ன விமானம் அவர்களுக்கு எதற்கு? வாடகைக் காருக்குக் கொட்டிக் கொடுக்க எல்லா ஓய்வூதியக்காரராலும் முடியுமா?

நமக்கு வேண்டியது, பெட்டி வைக்க இடமுள்ள அரசுப் பேருந்து. இரவும் பகலும் ஓடி, மீனம்பாக்கத்தில் விமான நிலைய வாசலிலேயே இறக்கிவிட வேண்டும். அரசைக் கேட்பதென்றால் இதைக் கேளுங்கள் ஐயா!