அடைப்புக்குறிக்குள் அடைபட்ட நாடகம்

நாடக நூல் ஒன்றைக் கையில் எடுக்கும் மாணவனுக்கு நம் பாடசாலைகள் முதலில் கற்பிப்பது, அதில் எதைப் படிக்காமல் விடலாம் என்பதைத்தான். அடைப்புக்குறிக்குள் இருப்பதை விட்டுவிட்டு வசனத்தை மட்டும் உரத்து வாசிக்க வேண்டும் என்பது வகுப்பறையின் எழுதாச் சட்டம். எங்கும் நடப்பதுதானே என்று இதைத் தள்ளிவிட என்னால் இயலவில்லை. மலையகத்துத் தோட்டப் பாடசாலைகளில் இப்பழக்கம் பாடத்தை மட்டுமல்ல, ஒரு சமூகத்தின் கலைச் செல்வத்தையே பாழாக்குகிறது என்பது என் துணிபு.

ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு பாடசாலையில் நாடகமும் அரங்கியலும் பயிலும் மாணவர்களோடு ஒரு முற்பகலைக் கழிக்கும் வாய்ப்புக் கிட்டியது. 'மேடைக் குறிப்பு என்றால் என்ன?' என்று கேட்டேன். நடிகரின் அசைவு, ஒலி, ஒளி முதலியன பற்றி நாடக ஆசிரியர் தரும் குறிப்பு என்று ஒரே குரலில் விடை வந்தது. பிழையில்லாத விடை, பரீட்சையில் முழுப் புள்ளி கிடைக்கும். 'அப்படியானால் ஒரு குறிப்பை எழுதுங்கள்' என்றபோது வகுப்பு மௌனமாயிற்று. குற்றம் பிள்ளைகளுடையதன்று. நீச்சலுக்கு வரைவிலக்கணம் சொல்லிக்கொடுத்துவிட்டு ஆற்றுப் பக்கமே அழைத்துச் செல்லாதவர்களுடையது.

மேடைக் குறிப்பு பார்வையாளர் காதில் விழுவதில்லை. நடிகர், நெறியாளர், ஒளியமைப்பாளர் ஆகியோரோடு ஆசிரியர் தனித்துப் பேசும் மொழி அது. காணக்கூடியதும் கேட்கக்கூடியதுமே அதில் இடம்பெறும். 'அவன் தன் இளமையை எண்ணி வருந்துகிறான்' என்று எழுதினால் நடிகன் திகைப்பான். 'கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறான். மீண்டும் எடுக்கிறான்' என்று எழுதினால் அவன் கைகளுக்கு வேலை கிடைக்கிறது. வருத்தம் தானே வந்து சேரும். இந்த ஒரு வேறுபாட்டைப் புரிய வைத்தால் பாதிப் பாடம் முடிந்தது.

இப்சன் 1879இல் எழுதிய 'பொம்மை வீடு' நாடகம் வசனத்தோடு முடிவதில்லை. கதவு சாத்தப்படும் ஓசையோடு முடிகிறது. அந்த ஓசை ஒரு மேடைக் குறிப்பு. அடைப்புக்குறியைத் தாண்டிச் செல்லும் மாணவனுக்கு நோரா வீட்டை விட்டுப் போன சத்தமே கேட்காது. சாமுவேல் பெக்கெற் 1950களில் வசனமே இல்லாத ஒரு நாடகத்தை எழுதினார். அதன் பனுவல் முழுவதும் குறிப்புகளே. நம் வகுப்பறைச் சட்டப்படி அதில் வாசிப்பதற்கு ஒரு சொல்லும் மிஞ்சாது.

இது மேலைநாட்டுச் சரக்கு என்று யாரும் ஒதுக்க வேண்டாம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம் என்று அரங்கை அளந்து வைக்கிறது. இரண்டு வாயில்களையும் மூவகை எழினிகளையும் சொல்கிறது. தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கை நிறுத்தச் சொல்கிறது. ஒளியமைப்புக் குறிப்புக்கு இதைவிடத் துல்லியம் வேறு என்ன வேண்டும்? சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' 1891இல் வந்தபோது களந்தோறும் இடமும் காலமும் குறிக்கப்பட்டே வந்தது.

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். மாசி மாதத்தில் காமன் கம்பம் நட்டு, நாட்கணக்கில் நோன்பிருந்து, பௌர்ணமியை ஒட்டிக் காமன் தகனத்தோடு நிறைவுறும் காமன் கூத்தை மலையக மக்கள் தலைமுறைகளாக ஆடிவருகின்றனர். பெண் வேடமிட்ட ஆண் ரதியாகிறான். ரதியும் மன்மதனும் லயத்துக்கு லயம் வாசலுக்கே வருகின்றனர். தப்பின் அடி மாறுகிறது; ஆட்டம் மாறுகிறது. வீரபத்திரர் வரும்போது கூட்டம் விலகி வழிவிடுகிறது. யார் எப்பக்கமிருந்து வருவது, எந்த அடிக்கு எந்தக் கால், எப்போது தீ என்பவையெல்லாம் கூத்து வாத்தியாரின் தலைக்குள் இருக்கின்றன. தாளில் இல்லாத மேடைக் குறிப்புகள் இவை. இவற்றை ஆண்டுதோறும் பார்த்து வளரும் பிள்ளைக்கு மேடைக் குறிப்பைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அவன் அறிந்ததற்குப் பெயர் சொல்லிக்கொடுத்தால் போதும்.

நாமோ அதைச் செய்வதில்லை. கூத்தைப் பதிவுசெய்கிறோம் என்று புறப்பட்டவர்களும் பெரும்பாலும் பாட்டைத்தான் எழுதிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் செய்தது பெரும்பணி, மறுக்கவில்லை. ஆனால் பாட்டு மட்டும் அச்சேறி, ஆட்டத்தின் வழி அச்சேறாமற் போனால், நாளை அந்த நூலை வைத்துக்கொண்டு எவரும் காமன் கூத்தை ஆட முடியாது. பாட மட்டுமே முடியும். 2023இல் மலையகத்தின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். கால்களால் நினைவுகூரத் தெரிந்த சமூகம் இது. அதன் கால்கள் அறிந்ததை எழுதிவைக்க நமக்கு ஏன் தெரியவில்லை?

எழுதினால் கூத்து உறைந்துவிடும், அது ஆண்டுக்காண்டு மாறும் உயிர்க்கலை என்று சில அறிஞர்கள் சொல்வார்கள். இளைஞர்கள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போய்விட, ஆட ஆளின்றித் தவிக்கும் தோட்டத்தில் நின்று இதைச் சொல்லிப் பார்க்கட்டும். உறைந்துவிடும் என்ற அச்சத்தில் உருத்தெரியாமல் போக விடுவது எந்த ஊர் நியாயம்? இன்ன ஆண்டில், இன்ன தோட்டத்தில், இப்படி ஆடினார்கள் என்று எழுதிவைப்பது எவருடைய காலையும் கட்டிப்போடாது. கைத்தொலைபேசியில் படம் பிடித்தால் போதாதா என்பார் வேறு சிலர். படம் நடந்ததைக் காட்டும். அடுத்து ஆடுபவன் என்ன செய்ய வேண்டும், எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதைக் குறிப்புத்தான் சொல்லும்.

ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் எளியது. மாசியில் ஒரு மாலை மாணவர்களைக் கூத்து வாத்தியாரிடம் அனுப்புங்கள். ரதி வாசலுக்கு வருவது முதல் திரும்பிப் போவது வரை பத்து நிமிட ஆட்டத்தை மட்டும் எழுதிவரச் சொல்லுங்கள். வகுப்பை இரு குழுவாக்கி, ஒரு குழு எழுதிய குறிப்பைக் கொண்டு மற்றக் குழு ஆடட்டும். ஆடுபவன் எந்த இடத்தில் தடுமாறி நிற்கிறானோ அங்கே குறிப்பில் குறையுண்டு. அதைத் திருத்தி எழுதட்டும். பிறகு வாத்தியாரையே வகுப்புக்கு அழைத்து வந்து, நாற்காலி கொடுத்து அமர்த்தி, அவர் பிழை சொல்லக் கேளுங்கள். இதற்குப் பணம் வேண்டாம், சுற்றறிக்கை வேண்டாம். அடுத்த மாசிக்குள் ஒரு தோட்டத்துக்கு ஒரு பயிற்சிக் கொப்பி நிறைந்தாலே, இத்தனை காலம் நாம் செய்யத் தவறியதில் ஒரு பகுதியைப் பிள்ளைகள் செய்து முடித்திருப்பார்கள்.