தலைமுடிக் கவலை சின்னக் கவலையா?

கூந்தலைப் பற்றி அரசவையில் வாதம் நடந்த ஊர் மதுரை.

பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா என்று பாண்டிய மன்னனுக்கு ஐயம் வந்தது. ஐயத்தைத் தீர்ப்பவருக்கு ஆயிரம் பொன் என்று அறிவித்தான். தருமி பாட்டோடு வந்தான். நக்கீரர் குற்றம் சொன்னார். சிவபெருமானே வாதாட வந்தார். இந்தத் திருவிளையாடல் கதை நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும்.

அதே மதுரைச் சீமையில் இன்று கூந்தலைப் பற்றி இன்னொரு கேள்வி இருக்கிறது. அதைச் சபையில் யாரும் கேட்பதில்லை. திருமங்கலம் போன்ற ஊர்களில், மருந்துக் கடை ஓரமாக நின்று, தணிந்த குரலில் கேட்கிறார்கள்.

"ஹார்மோன் மருந்து சாப்பிடுகிறேன். முடி கொட்டுகிறது. என்ன செய்வது?"

கேட்பவர் ஒரு திருநங்கை. சில சமயம் ஒரு திருநம்பி.

இந்தக் கேள்விக்கு மருந்துக் கடையில் பதில் கிடைக்காது. ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும். கூச்சப்படாமல் அங்கே போகும் தைரியத்தை வீடுதான் கொடுக்க வேண்டும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஏன் என்று பார்ப்போம்.

யார் இவர்கள்?

பிறந்தபோது ஆண் என்று பதிவாகி, மனத்தால் பெண்ணாக உணர்ந்து வாழ்பவர் திருநங்கை. பெண் என்று பதிவாகி, ஆணாக உணர்ந்து வாழ்பவர் திருநம்பி.

இவர்கள் வேற்று ஊர்க்காரர்கள் அல்லர். நம் தெருவில், நம் உறவில் பிறந்தவர்கள். பரத நாட்டியத்துக்காக 2019-ம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற நர்த்தகி நடராஜ், மதுரையில் பிறந்த திருநங்கை.

சட்டமும் இவர்களை ஏற்றுக்கொண்டது. தமிழ்நாடு அரசு 2008-ம் ஆண்டே இவர்களுக்கு நல வாரியம் அமைத்தது. 2014-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு இவர்களின் உரிமையை உறுதி செய்தது. 2019-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஐகோர்ட்டின் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்புச் சொன்னது.

மணமகள் என்றால் தலை நிறையப் பூ வேண்டாமா? பூ வைக்கக் கூந்தல் வேண்டாமா?

"முடிதானே!" என்று சொல்லலாமா?

"உயிர் போகிற வியாதியா இது? முடிதானே!" என்று சிலர் கேட்பார்கள்.

தெருவில் ஒருவர் வருகிறார். அவரை ஆண் என்றோ பெண் என்றோ எதை வைத்து முடிவு செய்கிறோம்? உடை, நடை, தலைமுடி. ஒரு திருநங்கையைப் பஸ் கண்டக்டர் "அம்மா" என்று அழைப்பதும், கேலியாகப் பார்ப்பதும், பல சமயம் அந்த ஒரு நொடியில் முடிவாகி விடுகிறது. வேலை கேட்கப் போனாலும், வாடகைக்கு வீடு கேட்கப் போனாலும் இதே கதை.

நெற்றி ஏறிக்கொண்டே போனால் அவருக்கு வயிற்றைக் கலக்காதா?

இந்த முடிக்காக அவர் பட்ட பாடும் கொஞ்சமல்ல. பிள்ளை முடி வளர்க்கிறான் என்று கத்தரிக்கோலோடு பின்னால் போகும் தகப்பனார்கள் உண்டு. நேர்த்திக்கடன் என்று கோவிலுக்குக் கூட்டிப் போய் மொட்டை அடித்து விடும் வீடுகளும் உண்டு. அத்தனையையும் தாண்டி வளர்த்த முடி, சீப்போடு வருகிறது. அந்த வேதனை சின்ன வேதனை அல்ல.

முடி ஏன் உதிர்கிறது?

உடலில் சில சுரப்பிகள் உண்டு. அவை சுரக்கும் பொருள் ரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் வேலை செய்கிறது. அதற்குப் பெயர் ஹார்மோன். பையனுக்குக் குரல் உடைவதும் மீசை அரும்புவதும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் வேலை.

இந்த டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி, உடலுக்குள் இன்னும் வீரியமான பொருளாக மாறுகிறது. டி.எச்.டி. என்று அதைச் சுருக்கமாகச் சொல்கிறார்கள். விந்தையைப் பாருங்கள்! முகத்தில் தாடியை வளர்ப்பதும் இதுதான். தலையில் முடி வேரைச் சுருக்கி, முடியை மெலிய வைப்பதும் இதுதான். எல்லோருக்கும் அப்படி நடப்பதில்லை. வழுக்கை விழும் வாகு பரம்பரையில் இருந்தால்தான் நடக்கும். அந்த வாகு தகப்பன் வழியிலும் வரும். தாய் வழியிலும் வரும்.

விதை நீக்கப்பட்டவர்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்று கிரேக்க நாட்டு வைத்தியர் ஹிப்பாக்ரட்டீஸ் காலத்திலேயே எழுதி வைத்தார்கள். 1942-ம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானி ஜேம்ஸ் ஹாமில்டன் இதை ஆராய்ச்சி செய்து காட்டினார். பருவம் அடையும் முன்பே விதை இழந்தவர்களுக்கு வழுக்கை விழவில்லை. ஆண் ஹார்மோன் ஊசி போட்டதும், பரம்பரையில் வழுக்கை உள்ளவர்களுக்கு முடி குறையத் தொடங்கியது. ஊசியை நிறுத்தியதும் அந்த ஓட்டம் நின்றது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன.

திருநங்கை சிகிச்சையில் ஆண் ஹார்மோன் குறைக்கப்படுகிறது. ஆகவே ஆண் வழுக்கை பெரும்பாலும் அதோடு நிற்கும். மெலிந்த முடி ஓரளவு தேறலாம். ஆனால், பல வருஷங்களுக்கு முன்பே வழுவழுப்பாகிப் போன இடத்தில் முடி திரும்புவது அரிது. பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும்.

திருநம்பி சிகிச்சையில் ஆண் ஹார்மோன் கொடுக்கப்படுகிறது. ஆகவே பரம்பரை வாகு இருந்தால், அண்ணன் தம்பிக்கு விழுவதுபோல அவருக்கும் வழுக்கை விழலாம். இதைச் சிகிச்சை தொடங்கும் நாளிலேயே அவரிடம் சொல்ல வேண்டும்.

திடீரென்று கொத்தாகக் கொட்டினால்?

இது வேறு வகை. தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்வது எல்லோருக்கும் இயல்பு. பெரிய ஆபரேஷன், கடுங்காய்ச்சல், பட்டினி, மனத்துயரம், மருந்தில் திடீர் மாற்றம் ஆகியவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாக வரலாம். காரணம் நீங்கினால் பெரும்பாலும் சில மாதங்களில் தானே நின்று, மீண்டும் முளைக்கும்.

பாலின மாற்று அறுவை செய்துகொண்டவர், "ஆபரேஷன்தான் என் முடியைத் தின்றுவிட்டது" என்று அழுவார். அழ வேண்டாம். பொறுத்தால் முளைக்கும்.

ரத்தசோகையும் தைராய்டு கோளாறும் முடியை உதிர்க்கும். இவற்றை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம்.

இன்னொரு காரணம் நாமே செய்வது. இருக்கும் கொஞ்ச முடியை இறுக்கி இழுத்து, கனமான சவுரியைக் கட்டி, அதன்மேல் நாலு முழம் மல்லிகையும் வைத்தால், முன் நெற்றி முடி வேரோடு வரும். சவுரி வைப்பதில் தவறில்லை. இறுக்கம்தான் கூடாது.

கைவைத்தியத்தில் உள்ள ஆபத்து

முடி கொட்டியதும் மனம் பதறுகிறது. "பெண் ஹார்மோன் போதவில்லை போலிருக்கிறது" என்று எண்ணுகிறார்கள். கடையில் கருத்தடை மாத்திரை வாங்கி, ஒன்றுக்கு இரண்டாக, இரண்டுக்கு நாலாக விழுங்குகிறார்கள். "அக்கா சாப்பிட்டார், நானும் சாப்பிட்டேன்" என்பதுதான் இதற்கு மருந்துச் சீட்டு!

இது ஆபத்து. கருத்தடை மாத்திரையில் சாதாரணமாக இருப்பது எத்தினைல் எஸ்ட்ரடயால் என்ற பொருள். அதைக் கூடுதலாகச் சாப்பிட்டால் ரத்தம் உறைந்து கட்டியாகும் ஆபத்து ஏறுகிறது. புகை பிடிப்பவருக்கு இன்னும் அதிகம். இந்தச் சிகிச்சைக்கு அந்தப் பொருள் வேண்டாம் என்று டாக்டர்கள் விலக்கிவிட்டார்கள். அவர்கள் கொடுப்பது எஸ்ட்ரடயால் என்ற வேறு மருந்து. அதையும் ரத்தம் பார்த்து, அளவு பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். அளவை இரட்டிப்பாக்கினால் முடி இரட்டிப்பாக வளராது.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், நேரம் கடத்தக் கூடாது. உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரைகளும் விளையாட்டு அல்ல. ஒன்று ரத்தத்தில் பொட்டாசியம் உப்பை ஏற்றும். இன்னொன்றை அதிக அளவில் நெடுநாள் சாப்பிட்டால் மூளையைச் சுற்றிய உறையில் கட்டி வரும் ஆபத்து கூடும். ஆகவேதான் டாக்டர் கண்காணிப்பு வேண்டும்.

என்ன வைத்தியம் உண்டு?

மினாக்சிடில் என்று ஒரு மருந்து. முதலில் ரத்தக் கொதிப்புக்கு மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு உடம்பெல்லாம் முடி வளர்ந்தது! அதைத் தலையில் தடவும் மருந்தாக்கினார்கள். 1988-ம் ஆண்டு அமெரிக்காவில் வழுக்கைக்கு அனுமதி கிடைத்தது. தடவத் தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி கூடுதலாகக் கொட்டலாம். பயந்து நிறுத்தி விடுகிறார்கள். நாலு மாதமாவது பொறுக்க வேண்டும். பலன் கிடைத்த பிறகும் தடவிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் வந்த முடி போய்விடும்.

ஃபினாஸ்டிரைடு என்பது டி.எச்.டி. உண்டாவதைக் குறைக்கும் மாத்திரை. திருநம்பிக்கு இது வழுக்கையைத் தடுக்க உதவலாம். ஆனால் அவர் ஆசையோடு எதிர்பார்க்கும் தாடி மீசையும் தாமதப்படலாம். எப்போது தொடங்குவது என்பதை டாக்டரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். கர்ப்பமாக இருப்பவர் இந்த மாத்திரையைச் சாப்பிடக் கூடாது. உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது. வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதி. சிலருக்கு மனச்சோர்வும் வரலாம். வந்தால் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முடி நடும் ஆபரேஷனும் உண்டு. ஹார்மோன் சிகிச்சை நிலைப்பட்டு, உதிர்வது நின்ற பிறகு செய்வது நல்லது. இல்லையென்றால் பணமும் போகும், முடியும் போகும்.

கரிசலாங்கண்ணித் தைலம், செம்பருத்தி, சீயக்காய் இவற்றை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தலைக்குக் குளுமை; மனத்துக்கு இதம். ஆனால் ஹார்மோனால் விழும் வழுக்கையை எண்ணெய் தடுக்காது. "30 நாளில் கருகரு கூந்தல்" என்ற விளம்பரத்துக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள்.

டாக்டர்கள் செய்ய வேண்டியது

கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கத்து ஜனங்கள் எதற்கும் திருமங்கலம் வருகிறார்கள். அங்கிருந்து மதுரை சுமார் 20 கிலோமீட்டர். மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் திருநங்கையர், திருநம்பியருக்கென்று தனிப் பிரிவு உண்டு. ஹார்மோன் சிகிச்சைக்கு அரசு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2019-ம் ஆண்டுச் சட்டம் சொன்னது. ஆகவே இதைக் கேட்பது பிச்சை அல்ல.

சிகிச்சை தொடங்கும் முதல் நாளே முடியைப் பற்றியும் டாக்டர் பேச வேண்டும். என்ன நடக்கும், எத்தனை மாதம் ஆகும், எதை எதிர்பார்க்கக் கூடாது என்று தாய்மொழியில் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால், கேட்கக் கூச்சப்படுகிறவர் கடைக்குப் போவார். கடையிலிருந்து மாத்திரைக்குப் போவார்.

"நெஞ்சுவலிக்காரர் வரிசையில் நிற்கும்போது முடிக்கு நேரமா?" என்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் யோசியுங்கள். முடிக்காக வருகிறவருக்கு அன்றைக்கே ரத்தசோகை தெரிகிறது. ரத்தக் கொதிப்பு தெரிகிறது. கள்ளத்தனமாகச் சாப்பிடும் மாத்திரையும் தெரிகிறது. பத்து நிமிஷப் பேச்சு, பின்னால் வரும் பெரிய வைத்தியத்தை மிச்சப்படுத்தும்.

வீட்டார் செய்ய வேண்டியது

கேலி வேண்டாம். "சொட்டைத் தலைக்குப் பூ ஒரு கேடா?" என்ற ஒரு வார்த்தை, பத்து மாத்திரையை விழுங்க வைக்கும்.

அவர் சாப்பிடும் மருந்துகள் எல்லாவற்றையும், கடையில் வாங்கியது உட்பட, ஒரு சீட்டில் எழுதச் சொல்லுங்கள். அப்பா, தாத்தா, தாய்மாமன் யாருக்கு எந்த வயதில் வழுக்கை விழுந்தது என்று அவருக்குச் சொல்லுங்கள். டாக்டர் கேட்கும் முதல் கேள்விகளில் அதுவும் ஒன்று. அதற்குப் பதில் சொல்ல உங்களால்தான் முடியும்.

வேளைக்குச் சோறு போடுங்கள். கீரை, முட்டை, பயறு கொடுங்கள். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டுப் பட்டினி கிடக்கும் உடம்பில் எந்த மருந்தும் முடியை வளர்க்காது.

மதுரைக்குப் பஸ் ஏறும் நாளில் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். அம்மாவோ அக்காவோ அண்ணனோ கூடப் போங்கள். டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் போதும். கடையில் கிசுகிசுத்த கேள்வியை, உள்ளே போய் அவரே வாய்விட்டுக் கேட்பார்.