வயலை விற்றுத்தான் வானம் ஏற வேண்டுமா?

தஞ்சை விமானப் படைத் தளத்தில் 2020-ஆம் வருஷம் ஜனவரி 20-ந் தேதி சுகோய் போர் விமானங்களின் அணியொன்று நிறுவப்பட்டது. அவ்விமானங்களை அண்ணாந்து நோக்கும் சிறுவருள் சிலருக்குத் தாமும் விமானம் ஓட்ட வேண்டுமென்னும் ஆசை பிறப்பது இயல்பே. அவ்வாசை படையை நாடுமாயின், தேர்வில் தேறியவனுக்குச் சர்க்காரே செலவிட்டுக் கற்பிக்கிறது. பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் விமானத்தை நாடுமாயின், செலவு முழுவதும் தகப்பன் தலையில் விழுகிறது. இதனைக் குறித்தே இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

வர்த்தக விமானி லைசென்ஸ் பெறுவதற்கு 200 மணி நேரம் பறந்திருத்தல் வேண்டும். எண்ணெய், தேய்மானம், இன்ஷூரன்ஸ், ஆசிரியர் சம்பளம் யாவும் சேர்ந்து நம் நாட்டுப் பள்ளிகளில் சுமார் 50 லட்சம் ரூபாய் ஆகிறது. பின்னர் ஏர்பஸ், போயிங் முதலிய பெரிய விமானங்களுக்கென வேறு பயிற்சி. அதற்கும் பல லட்சம். இத்தொகையைக் காவிரிக் கரை விவசாயி தன் கணக்கில் போட்டுப் பார்க்கட்டும். 2025-26 பருவத்தில் சாதாரண நெல்லுக்கு மத்திய சர்க்கார் விதித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். ஏக்கருக்கு 25 குவிண்டால் கண்டாலும், உழவுக்கூலி, உரச்செலவு ஒரு காசும் கழிக்காமல், பன்னிரண்டு வேலிக்கு மேற்பட்ட நிலத்தின் ஒரு போக வெள்ளாமை அது!

கடன் வாங்கலாமே என்பர். ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்குப் பாங்கிகள் ஈடு கேட்பது வழக்கம். கடன் பாக்கிக்காகப் பாங்கிகளே சொத்தைக் கைப்பற்ற இடந்தரும் 2002-ஆம் வருஷத்துச் சட்டம் விவசாய நிலத்துக்குச் செல்லாது. உழவனைக் காக்கும் அவ்விலக்கு நியாயமானதே. ஆயினும், அதனால் பாங்கிகள் வயலை ஈடாக ஏற்கத் தயங்குகின்றன. நகரத்தில் மாடி வீடு உடையவன் மகன் கடன் பெறுகிறான். ஐந்து ஏக்கர் நன்செய் உடையவன் நிலத்தை விற்கிறான். இருவர் மகனுக்கும் அறிவு ஒன்றே. வேற்றுமை பத்திரத்தில் இருக்கிறது.

விற்றபின் வேலை நிச்சயமா? 2023-ல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும், இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தது மெய்யே. ஆனால் 2012-ல் கிங்பிஷரும், 2019-ல் ஜெட் ஏர்வேஸும், 2023-ல் கோ பர்ஸ்டும் பறப்பதை நிறுத்தின என்பதும் மெய்யே. விமானம் வருவதற்கு வருஷங்கள் ஆகலாம். வட்டி ஒரு நாளும் காத்திராது.

செல்வர் தொழிலுக்குப் பொதுப்பணமா என்று சிலர் கேட்கக்கூடும். அது செல்வர் தொழிலாய் நிற்பதே நமது புகார். நாம் தானம் கேட்கவில்லை, பிணை கேட்கிறோம். வைத்திய பரிசோதனையிலும் எழுத்துத் தேர்விலும் தேறிய ஏழை மாணவனுக்கு மாகாண சர்க்கார் ஜாமீன் நிற்கட்டும். உத்தியோகம் கிடைத்தபின் அவன் தவணையாய்த் தீர்க்கட்டும். கர்நாடக சர்க்கார் ஜக்கூரில் சொந்தப் பயிற்சிப் பள்ளி வைத்திருக்கிறது. மத்திய சர்க்கார் 1985-ல் பர்சத்கஞ்சில் ஓர் அகாடமி நிறுவியது. உளுந்தூர்ப்பேட்டையிலும் செட்டிநாட்டிலும் யுத்த கால ஓடுதளங்கள் கிடக்கும் நம் நாட்டில் அத்தகைய பள்ளியொன்று ஏன் கூடாது? மேலும், பள்ளிகள் கட்டணம் முழுவதையும் முன்கூட்டியே வாங்காமல், மாணவன் பறந்த மணிக்குத் தக்கபடி தவணையில் வாங்க வேண்டுமென்று விதித்தல் அவசியம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. முதல் வகுப்பு வைத்திய சான்று கையில் வருமுன் ஒரு பைசாவும் கட்டாதீர்கள். கண்ணிலோ காதிலோ குறையிருப்பது பணம் கட்டியபின் தெரிவதில் பயனில்லை.

மேட்டூர் மதகு திறக்கும் நாளை எண்ணி விதை விடும் குடியானவன், மகன் வானில் பறக்க வேண்டுமென்று நினைப்பது பேராசையன்று. அதற்கு விலையாக அவன் காலடி மண்ணைக் கேட்பதுதான் அநீதி. சர்க்கார் இதனை உணருமா?