பூஜ்யமும் ஒரு கணிப்புதான்

காலநிலை மாதிரிகள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. அவை ஒத்துப்போகும்வரை பாலத்துக்கும் கலிங்குக்கும் பழைய மழைப் பதிவேடே போதும் என்கிறார்கள் சில பொறியாளர்கள். நிதானமாகத் தொனிக்கும் இந்த வாதம் தவறானது. உயிர்களைப் பணயம் வைப்பது.

மாதிரிகள் முரண்படுவது உண்மைதான். அதிலிருந்து 'பழைய மழை அளவோடு எதையும் கூட்டாதே' என்ற முடிவு எப்படி வரும்? கூட்டாமல் விடுகிறவர், கூடுதல் பூஜ்யம் என்று கணித்துவிட்டார். ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறும் காற்று சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தை ஏந்தும் என்பது அடிப்படை இயற்பியல். அதை அறிந்தபின்னும் பூஜ்யத்தைப் பிடித்துக்கொள்வதற்கு எச்சரிக்கை என்றா பெயர்?

வெள்ளத்துக்கு ஆக்கிரமிப்பே காரணம் என்பது அவர்களின் அடுத்த வாதம். ஆக்கிரமிப்பு பெருங்குற்றம், மறுக்கவில்லை. ஏரிக்குள் வீடுகளும் வயலில் தார்ச்சாலைகளும் வந்துவிட்டால், அதே மழைக்கு முன்னைவிட அதிக நீர், முன்னைவிட விரைவாக ஓடிவரும். அப்படியானால் அறுபதாண்டுக்கு முந்தைய வெள்ளப் பதிவு இன்றைக்கு எப்படி அளவுகோலாகும்? தங்கள் வாதத்தின் வேரைத் தாங்களே அறுக்கிறார்கள்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தின் ஆண்டுச் சராசரியையே மிஞ்சிய மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ஜல்லி அரித்துப்போய்த் தண்டவாளம் அந்தரத்தில் தொங்க, ரயிலோடு பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கித் தவித்தார்கள். ஒரு மழை எதையும் நிரூபிக்காது என்பார்கள். சரி, பதிவேட்டில் இல்லாதது வராது என்ற நம்பிக்கையை உடைக்க அந்த ஒரு மழை போதாதா?

'நூறாண்டு வெள்ளம்' என்றால் ஆண்டுதோறும் 1 சதவீத வாய்ப்பு. 60 ஆண்டு நிற்கும் பாலம் அதைச் சந்திக்கும் வாய்ப்பு 45 சதவீதம். மழை கூடி அந்த வெள்ளம் ஐம்பதாண்டு வெள்ளமாக மாறினால் அந்த வாய்ப்பு 70 சதவீதம் ஆகிவிடும். அவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கும் திருத்தத்தின் விலை இதுதான்.

செலவைக் காட்டி மறுப்பதும் எடுபடாது. கட்டும்போதே பாலத்தின் கண்ணை அகலப்படுத்துவதைவிட, அடித்துப்போனபின் மீண்டும் கட்டுவதற்குத்தான் அதிகம் செலவாகும். மாதிரிகள் ஒத்துப்போகட்டும் என்று ஆஸ்திரேலியா காத்திருக்கவில்லை. 2024இல் திருத்தப்பட்ட அதன் வழிகாட்டி, ஒரு டிகிரி வெப்ப உயர்வுக்கு ஒரு மணி நேர மழையில் 15 சதவீதமும், 24 மணி நேர மழையில் 8 சதவீதமும் கூட்டச் சொல்கிறது. ஐயத்துக்கு இடம்விட்டு வரம்பையும் தருகிறது. ஐயத்தை எண்ணாக்கி வடிவமைப்பில் சேர்ப்பதே பொறியியல். ஐயம் தீரட்டும் என்று காத்திருப்பவர்கள், கரையோரம் குடியிருப்பவர்களை அல்லவா பணயம் வைக்கிறார்கள்!