கூடுதுறையும் ஜமக்காளமும்

"பரண் மேல் இருக்கிற பெரிய ஜமக்காளத்தை எடுத்துப் போடுங்கள், விருந்தாளிகள் வந்துவிட்டார்கள்!"

இந்தக் குரல் ஒரு தடவையாவது ஒலிக்காத வீடு நம் கொங்கு நாட்டில் இருக்க முடியுமா? சீமந்தமா, காதுகுத்தா, பெண் பார்க்கும் படலமா, நவராத்திரிக் கொலுவா, எதுவானாலும் முதலில் கூடத்துக்கு வருவது ஜமக்காளம்தான். விருந்தாளி அதற்கு அப்புறம். சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டை பட்டையாக ஓடும் அந்த விரிப்பின் மேல் நாம் தவழ்ந்திருக்கிறோம்; தூங்கியிருக்கிறோம்; காப்பியைக் கொட்டிவிட்டு அம்மாவிடம் வாங்கியும் கட்டிக் கொண்டிருக்கிறோம். ஆனால் அது எந்த ஊரிலிருந்து வந்தது, யார் நெய்தார்கள் என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

எனக்கும் அந்தக் கேள்வி இத்தனை நாள் தோன்றவில்லை. தோன்றியதும் சும்மா இருக்க முடியவில்லை. ஆடி மாதத்தில் ஒரு நாள் காலையில் பஸ் ஏறிப் பவானிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

கோயமுத்தூரிலிருந்து பவானி சுமார் நூறு கிலோமீட்டர். 1979-ஆம் ஆண்டில் ஈரோட்டைத் தலைநகராகக் கொண்டு தனி மாவட்டம் பிரியும் வரையில், அது நமது கோவை ஜில்லாவைச் சேர்ந்த தாலுகாதான். ரயிலில் போகலாம் என்று நினைக்கிறவர்கள் ஈரோட்டில் இறங்கி பஸ்ஸைத் தேட வேண்டும். பவானிக்கு ரயில் கிடையாது. ரயில் வராவிட்டால் என்ன, இரண்டு ஆறுகள் வருகின்றனவே! மலையில் பிறந்து, அட்டப்பாடிப் பக்கம் போய்க் கேரளத்தைப் பார்த்துவிட்டு, மேட்டுப்பாளையம், சத்தியமங்கலம் வழியாக ஓடி வருகிறது பவானி. மேட்டூரிலிருந்து இறங்கி வருகிறது காவிரி. இரண்டும் சேரும் இடத்தில் அமுதநதி என்று மூன்றாவது ஒன்றும் கண்ணுக்குத் தெரியாமல் கலப்பதாக ஐதிகம். ஆகவே முக்கூடல். ஊர் ஜனங்கள் செல்லமாகக் 'கூடுதுறை' என்று சொல்கிறார்கள். எதிர்க்கரையில் குமாரபாளையம், அங்கேயும் நெசவுதான் பெருந்தொழில்.

கூடுதுறையில் இருக்கும் சங்கமேசுவரர் கோயில் திருஞானசம்பந்தர் பாடிய தலம். தேவாரத்தில் இதன் பெயர் திருநணா. ஆறுகள் கூடுகிற இடம் என்பதாலோ என்னவோ, இங்கே சிவனும் பெருமாளும்கூட ஒரே மதிலுக்குள் கூடிக் குடியிருக்கிறார்கள். வேதநாயகி அம்மன் ஒரு பக்கம். ஆதிகேசவப் பெருமாளும் சௌந்தரவல்லித் தாயாரும் இன்னொரு பக்கம். அரனா, அரியா என்ற சண்டையெல்லாம் இந்த மதிலுக்கு வெளியே வைத்துக் கொள்ள வேண்டியதுதான்!

வேதநாயகியைப் பற்றி இந்த ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். அதைக் கேட்காமல் யாரும் திரும்ப முடியாது. வெள்ளைக்காரர் ஆட்சியில் கோவைக் கலெக்டராக இருந்த வில்லியம் காரோ என்பவர் பவானியில் ஒரு மாளிகையில் உறங்கிக் கொண்டிருந்தாராம். நள்ளிரவில் ஒரு சிறுமி வந்து எழுப்பி, கையைப் பிடித்து வெளியே அழைத்துக்கொண்டு போனாளாம். அவர் வெளியே வந்ததும் மாளிகை மளமளவென்று இடிந்து விழுந்ததாம். சிறுமியைத் தேடினால் காணோம். வந்தவள் வேதநாயகிதான் என்று ஊரார் சொல்ல, துரையும் அப்படியே நம்பினார். ஆனால் அவர் இந்து அல்லவே, கோயிலுக்குள் எப்படிப் போவது? மதிலில் மூன்று துவாரங்கள் செய்து, அவற்றின் வழியாக அம்மனைத் தரிசித்தார் என்கிறார்கள். துவாரங்களை இன்றும் காட்டுகிறார்கள்.

கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் சௌகரியம். ஆனால் அவர் காணிக்கையாகக் கொடுத்த யானைத் தந்தக் கட்டில் கோயிலில் இருக்கிறது; 1804 என்ற ஆண்டோடு அவருடைய கையெழுத்தும் அதில் இருக்கிறது. அம்மன் உறங்கக் கட்டில் கொடுத்த மனிதர், அம்மனைப் பார்த்தது மட்டும் சுவரிலுள்ள ஓட்டை வழியாக!

இந்த ஊரில் வெளியே நின்றவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. கூடுதுறைக்குச் சற்று மேலே பவானி ஆற்றின் குறுக்கே ஓர் அணை இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் கட்டியது. அங்கிருந்து புறப்படும் வாய்க்கால் பாம்பைப் போல் வளைந்து வளைந்து, சுமார் தொண்ணூறு கிலோமீட்டர் ஓடிக் கொடுமுடிப் பக்கம் போய்ச் சேருகிறது. பதினைந்தாயிரம் ஏக்கருக்கு மேல் இன்றைக்கும் அதனால் பாசனம் பெறுகின்றன. எஞ்சினீயரிங் காலேஜ் இல்லாத காலத்தில் இவ்வளவு கச்சிதமாக மட்டம் பார்த்தது யார் என்று கேட்டால், ஒரு பாம்பு முன்னால் ஊர்ந்து போய் வழி காட்டியது என்று நம் பாட்டிமார் பதில் சொல்வார்கள்.

அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றியது, அவருடைய குடும்பத்தைப் பற்றி வழங்கும் செய்திதான். "தன் சொந்த வயலுக்காகத்தான் வெட்டினான்" என்று யாரும் பேசிவிடக் கூடாது என்று, தன் சந்ததியார் இந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது எனக் காலிங்கராயன் சத்தியம் செய்து கொடுத்தாராம். பிறகு குடும்பத்தோடு பொள்ளாச்சிப் பக்கத்து ஊத்துக்குளிக்குப் போய்விட்டாராம். ஊருக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தவர் தாம் ஒரு வாய் குடிக்காமல் போனார்!

இந்த இரண்டு கதைகளையும் மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். ஜமக்காளத்துக்கு வரும்போது வேண்டியிருக்கும்.

ஊர் கூடுவதைப் பார்க்க வேண்டுமானால் ஆடிப் பதினெட்டுக்குத்தான் போக வேண்டும். புதுமணப் பெண்கள் தாலிக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றுவதும், முளைப்பாரியை ஆற்றில் விடுவதும், காதோலை கருகமணி வைத்துக் காவிரித் தாய்க்குப் படைப்பதுமாகத் துறையே திமிலோகப்படும். மாசியில் செல்லியாண்டியம்மன் திருவிழா. அப்போது பார்த்தால் உங்கள் அடுத்த வீட்டுக்காரரையே அடையாளம் தெரியாது. உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டு நேர்த்திக் கடன் செலுத்துகிறார்கள். கடைக்கார முதலாளியும் மூட்டை தூக்குகிறவரும் அன்றைக்கு ஒரே நிறம்!

சரி, இனி ஜமக்காளம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீமை மில் துணி கப்பல் கப்பலாக வந்து இறங்கிய போது, பவானி நெசவாளிகளின் புடவைக்கும் வேட்டிக்கும் போட்டி வந்துவிட்டது. இங்கிருந்த ஜங்கமர் என்னும் சமூகத்தார் யோசித்தார்கள். மெல்லிய துணியில் மில்லோடு மல்லுக்கு நிற்க முடியாது. ஆகவே தடித்த நூலுக்குச் சாயம் ஏற்றி, கெட்டியான விரிப்பு நெய்ய ஆரம்பித்தார்கள். அது பிடித்துக் கொண்டது. புடவை நெய்த தறிகளும் ஜமக்காளத்துக்கு மாறின. பின்னால் செயற்கைப் பட்டு நூலில் மெத்தென்று, கரையில் வேலைப்பாடு வைத்து நெய்யும் ரகமும் வந்தது. நம் வீட்டுக் கூடத்தில் கிடப்பது வெறும் விரிப்பல்ல. வயிற்றுப் பிழைப்புக்காக ஓர் ஊர் செய்த யுக்தி.

ஒரு சந்துக்குள் நுழைந்தேன். 'டக், டக்' என்று தறிச் சத்தம். ஒரு பெரியவர் குழித்தறியில் இடுப்பளவு தரைக்குள் இருந்தார். கால்கள் குழியிலே மிதிக்க, கைகள் மேலே நாடாவைத் தள்ளிக் கொண்டிருந்தன. பக்கத்தில் அவர் மனைவி ராட்டையில் தார் சுற்றிக் கொண்டிருந்தாள்.

"வாங்கம்மிணி, உக்காருங்க" என்றார். நின்று கொண்டே, "இந்தத் தறிக்கு எத்தனை வயசு அய்யா?" என்று கேட்டேன்.

"என்ற அப்பாரு காலத்துத் தறிங்க. பன்னண்டு வயசுல குழிக்குள்ள கால வெச்சேன். இன்னும் எடுக்கலீங்க."

"பிள்ளைகள்?"

"பெரியவன் திருப்பூர்ல பனியன் கம்பெனிங்க. சின்னவன் ஈரோட்டுல கடையில இருக்கறான். தறிக்கு வாடான்னு கூப்பிட எனக்கே வாய் வரலீங்க."

அந்த அம்மாள் ராட்டையை நிறுத்தினாள். "கூலி தறிக்குத்தானுங் குடுக்கறாங்க. தார் சுத்தறவளுக்கு யாரு கணக்கு வெக்கறாங்க? அவரு கால் குழிக்குள்ள, என்ற பொழுது ராட்டைக்குள்ள" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை; சிரித்துக் கொண்டேதான் சொன்னாள். வீட்டு வேலைக்குச் சம்பளம் ஏது என்று கேட்டுப் பழகிய நமக்கு அந்தச் சிரிப்பின் அர்த்தம் விளங்காமல் போகுமா?

"உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு உங்கள் ஜமக்காளத்தைத்தானே விரித்திருப்பீர்கள்?" என்று பேச்சை மாற்றினேன்.

பெரியவர் சற்றுத் தயங்கினார். "இல்லீங்கம்மிணி. மண்டபத்துல வாடகையோட நாற்காலியும் சேர்ந்தே வந்துருதுங்களே. நாற்காலிதானுங்க போட்டோம்."

எனக்குத் துரையும் காலிங்கராயனும் நினைவுக்கு வந்தார்கள். ஊர் முழுவதையும் உட்கார வைத்த மனிதர், தம் வீட்டு விசேஷத்தில் தாம் நெய்ததன் மேல் உட்காரவில்லை!

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. துரை வெளியே நின்றது கோயில் வழக்கத்தால். காலிங்கராயன் விலகிப் போனது தம் சத்தியத்தால். இந்தப் பெரியவரை வெளியே நிறுத்தியது நம்முடைய கவனக் குறைவு. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜமக்காளம் எல்லோரையும் சமமாக உட்கார வைத்தது என்று பெருமை பேசுகிறோம். ஒரு காலத்தில் அதன் மேல் இன்னார்தான் உட்காரலாம், இன்னார் திண்ணைக்குக் கீழேயே நிற்க வேண்டும் என்று வைத்திருந்தவர்களும் நாம்தானே? பிளாஸ்டிக் நாற்காலி அந்தக் கொடுமைக்கு ஒரு முடிவு கட்டியது என்றால் அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் நாற்காலியில் ஆளுக்கு ஒரு தீவு. ஜமக்காளத்தில் ஒருவர் வந்தால் நால்வர் நகர்ந்து இடம் விட வேண்டியிருக்கிறது. அந்த நகர்தலைக் குழந்தைகள் வேறு எங்கே கற்றுக் கொள்ளும்?

சட்டம் இல்லாமல் இல்லை. 1985-இல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டத்தில், விசைத்தறியில் நெய்யக் கூடாத பொருள்களின் பட்டியலில் ஜமக்காளமும் இருக்கிறது. 2005-06-இல் பவானி ஜமக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பெயர் அந்த ஊர்ச் சரக்குக்கே உரியது என்று அர்த்தம். ஆனாலும் வெளியூர் விசைத்தறிச் சரக்கு 'பவானி' என்ற பெயரை ஒட்டிக் கொண்டு மலிவு விலையில் கடைக்கு வருகிறது. அதைக் கண்டுபிடிக்க அதிகாரியை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கும் நம்மிடம் இந்தப் பித்தலாட்டம் பலிக்கலாமா? கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 'எந்த ஊர் நெசவு?' என்று வாய் திறந்து கேளுங்கள். கோ-ஆப்டெக்ஸிலோ, நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்குங்கள். நாலு காசு கூடத்தான் இருக்கும். அந்த நாலு காசில்தான் குழியும் ராட்டையும் ஓடுகின்றன.

நானும் ஒன்று வாங்கினேன், சிவப்பும் பச்சையும். பெரியவர் மடித்துக் கயிறு கட்டிக் கொடுத்தார். படியிறங்கும்போது அந்த அம்மாள் கூப்பிட்டாள்.

"அம்மிணி, பரண் மேல போட்டு வெச்சுராதீங்க. அடிக்கடி விரிச்சுப் போடுங்க. மடிச்சே வெச்சிருந்தா செல்லரிச்சுருமுங்க."

அன்று சாயங்காலமே கூடத்தில் விரித்தோம். மூட்டு வலிக்காரர்களுக்கு நாற்காலி, மற்றவர்களெல்லாம் கீழே. அடுத்த வீட்டுக் குழந்தைகளும் வந்துவிட்டார்கள். கொஞ்சம் நகர்ந்து உட்கார வேண்டியிருந்தது.