அப்படி நிகழாவிட்டாலும்...

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகிச் சில நாட்கள் சென்றிருந்தன. எமது பங்கின் மறைப்பள்ளியில் சிறுவயது முதல் என்னிடம் கற்ற மாணவன் ஒருவனின் வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருந்தான். ஆயினும், முன்னைய ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிகளோடு ஒப்பிடுகையில், அவன் கனவு கண்ட மருத்துவ பீடத்துக்கு அவனது இசட் புள்ளி எட்டாது என்பது தெளிவாகிவிட்டது. தாயார் புனித அந்தோனியாருக்குப் பதின்மூன்று செவ்வாய்க்கிழமைகள் நேர்த்தி வைத்திருந்தார். பெறுபேறு நல்லபடியாக வந்தால் ஏழைகளுக்குப் பாண் கொடுப்பதாகவும் வேண்டியிருந்தார். என்னைக் கண்டதும் அவர் கேட்டது ஒன்றுதான். “பிள்ளையின் விசுவாசம் போதாமற் போய்விட்டதோ, சேர்?”

பிள்ளை அடுத்த அறையில்தான் இருந்தான். கதவும் திறந்தே கிடந்தது.

இத்தகைய வேளைகளுக்கென்று என்னிடம் ஒரு மறுமொழி எப்போதும் ஆயத்தமாக இருக்கும். “ஆண்டவர் இதைவிடச் சிறந்த ஒன்றை அவனுக்கென வைத்திருக்கிறார், அம்மா” என்றேன். உள்ளேயிருந்து குரல் வந்தது: “அது உங்களுக்கு எப்படித் தெரியும், சேர்?”

எனக்குத் தெரியாது என்பதே உண்மை. எத்தனையோ வீடுகளில், எத்தனையோ பிள்ளைகளிடம், தெரிந்தவன்போல் அதைச் சொல்லி வந்திருக்கிறேன் என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

விசுவாசத்தை நாம் ஒரு கொடுக்கல் வாங்கலாக்கிவிட்டோமோ என்ற கவலை எனக்குண்டு. ஜெபக் கூட்டங்களில் சாட்சியம் சொல்ல எழுந்து வருபவர்கள் கேட்டதைப் பெற்றவர்களே. வீசா கிடைத்தவர் பேசுகிறார், வேலை கிடைத்தவர் பேசுகிறார், நோய் நீங்கியவர் பேசுகிறார். கிடைக்காதவர் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுவிட்டு, தன்னிடம் ஏதோ குறை என்று எண்ணிக்கொண்டு வீடு திரும்புகிறார். நன்றி கூறுவது தவறன்று. ஆனால் ஒரு பக்கத்துச் சாட்சியத்தை மாத்திரமே கேட்டு வளரும் பிள்ளை, விசுவாசத்தின் அளவுக்குத் தக்கபடியே பலன் அமையும் என்று கணக்குப் போடப் பழகிவிடுகிறது. (அதே ஆண்டில் ஆலயப் பக்கமே எட்டிப் பாராத எங்கள் ஊர்ப் பிள்ளையொன்று மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகியது. அந்தக் கணக்கில் இதை எங்கே எழுதுவது?)

அன்றிரவு தானியேல் நூலின் மூன்றாம் அதிகாரத்தைத் திறந்தேன். அந்த மூவரும் இளைஞர்கள். தாய்நாடு வீழ்ந்தபின் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அந்நிய மொழியையும் இலக்கியத்தையும் மூன்று ஆண்டுகள் கற்று, அரச பணியில் அமர்த்தப்பட்டவர்கள். புலம்பெயர்ந்த நாடுகளில் எம் பிள்ளைகள் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு அந்நிலை எளிதில் விளங்கும். பொற்சிலையை வணங்காவிடில் தீச்சூளை என்று அரசன் அச்சுறுத்துகிறான். அவர்கள் அளித்த பதிலை நாம் பெரும்பாலும் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். எங்கள் கடவுள் எங்களைக் காப்பாற்ற வல்லவர் என்பது முதற்பாதி. அப்படி அவர் காப்பாற்றாவிட்டாலும் உமது சிலையை வணங்கமாட்டோம் என்பது மறுபாதி. தாம் தப்புவோம் என்பது அவர்களுக்குத் தெரியாது. யாரும் அவர்களுக்கு வாக்குக் கொடுக்கவுமில்லை.

கடவுள் சூளையை அணைக்கவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வழக்கத்தைவிட ஏழு மடங்கு சூடேற்றப்பட்ட அதே நெருப்புக்குள் அவர்கள் வீசப்படுகிறார்கள். அங்கேதான் நான்காமவர் காணப்படுகிறார். கட்டி எறியப்பட்டவர்கள் கட்டின்றி நடமாடுகிறார்கள். கத்தோலிக்க விவிலியத்தில் இவ்விடத்தில் அசரியாவின் மன்றாட்டு இடம்பெறுகிறது. தவக்காலம் மூன்றாம் வாரச் செவ்வாய்க்கிழமைத் திருப்பலியில் அதை வாசிக்கிறோம். நெருப்பின் நடுவில் நின்று அவர் செய்யும் மன்றாட்டு அது. எமக்குத் தலைவரில்லை, இறைவாக்கினரில்லை, பலி ஒப்புக்கொடுக்க இடமுமில்லை. நொறுங்கிய உள்ளத்தை மட்டுமே கொண்டு வந்திருக்கிறோம் என்கிறார். ஆலயத்தையும் ஊரையும் விட்டு அகதி முகாம்களில் செபமாலை சொன்ன எம் தாய்மார் இதை விளக்கமின்றியே அறிவார்கள்.

அந்த மூவரும் உயிரோடு வெளியே வந்தார்கள். எல்லோரும் அப்படி வருவதில்லை. 1995 ஜூலை 9ஆம் திகதி நவாலி புனித பேதுரு ஆலயத்திலும் அதன் அயலிலும் தஞ்சமடைந்திருந்தோர் மீது குண்டுகள் வீழ்ந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலையில் கொச்சிக்கடையிலும் கட்டுவப்பிட்டியவிலும் திருப்பலிக்குச் சென்றவர்களும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பை முடித்துவிட்டு நின்ற சிறுவர்களும் வீடு திரும்பவில்லை. இவர்களுடைய விசுவாசம் போதாமற் போய்விட்டது என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? சொல்ல முடியாதெனில், பரீட்சையில் புள்ளி குறைந்த பிள்ளையிடமும் அதைச் சொல்லக் கூடாது.

கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவர் இயேசுவே துன்பக் கிண்ணம் அகலும்படி மன்றாடினார். அது அகலவில்லை. வானதூதர் ஒருவர் தோன்றி அவரைத் திடப்படுத்தினார் என்று லூக்கா மாத்திரம் எழுதுகிறார். திடப்படுத்திய பின்னரும் அவரது வேதனை கூடியது என்பதையும் அவரே எழுதுகிறார்.

இளம் புனிதர்களை நாம் படங்களில் எப்போதும் மலர்ந்த முகத்தோடு காண்கிறோம். குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் கையில் ரோசா மலர்களும் இருக்கும். 1896ஆம் ஆண்டுப் பெரிய வியாழன் இரவில் முதன்முறையாக இரத்தம் கக்கினார் அவர். அதைத் தொடர்ந்து வந்த பாஸ்காக் காலத்தில், விண்ணகம் என்ற ஒன்று உண்டா என்ற இருள் அவர் உள்ளத்தைக் கவ்வியது. 1897 செப்டெம்பர் 30ஆம் திகதி 24 வயதில் இறக்கும்வரை அது முற்றாக அகலவில்லை. அந்நாட்களில் விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தாலேயே எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். ஆறுதலான உணர்வு ஏதும் இல்லாத போதும் விசுவாசம் இருக்கக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியவில்லை.

மறுவாரம் அவனிடம் போனபோது ஆறுதல் எதுவும் நான் சொல்லவில்லை. அன்று நான் சொன்னது எனக்குத் தெரியாத விடயம் என்று ஒப்புக்கொண்டேன். திருப்பாடல் 88ஐக் காட்டினேன். ஏனைய புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பும். இது இருளிலேயே முடிகிறது. “இதையும் செபமென்றா வைத்திருக்கிறார்கள்?” என்று கேட்டான். ஆமென்றேன். இரண்டு முறை வாசித்தான். “எனக்கு இன்னும் கோபம்தான், சேர்” என்றான். அதை ஆண்டவரிடமே சொல்லலாம் என்றேன். மீண்டும் பரீட்சைக்குத் தோற்றுவதா, வேறு கற்கைநெறியில் சேருவதா என்று அவன் இன்னும் தீர்மானிக்கவில்லை.

கடந்த செவ்வாய்க்கிழமை மாலை அந்தோனியார் ஆலய வாசலில் அவனுடைய தாயாரைக் கண்டேன். ஆலயத்தடியில் இருக்கும் முதியவர்களுக்குப் பாண் கொடுத்துக்கொண்டிருந்தார். பெறுபேறு வந்தால் கொடுப்பதாகத்தானே நேர்த்தி என்று கேட்க எண்ணினேன், கேட்கவில்லை. பாண் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தவன் மகன். முதியவர் ஒருவர் இன்னுமொரு இறாத்தல் கேட்க, பெட்டிக்குள் குனிந்து தேடிக்கொண்டிருந்தான்.